ராஜபார்ட்டுக்குத் திண்ணை கிடையாது

ஆழ்வார்திருநகரியில், எங்கள் வாயில் திருநகரியில், நாடகம் பார்க்காத ஆள் கிடையாது. நாடகக்காரருக்குத் தங்க இடம் கொடுத்த ஆளும் கிடையாது. நான் டவுசர் போட்டுத் திரிந்த அறுபதுகளில் எங்கள் ஊர் அப்படித்தான் இருந்தது.

ஊர் ஓரத்து அம்மன் கோயிலில் கொடை வந்தால் வில்லுப்பாட்டு ஒரு ராத்திரி, சுடலைக்குக் கணியான் கூத்து ஒரு ராத்திரி, கடைசி ராத்திரி ஸ்பெஷல் நாடகம். பெரும்பாலும் வள்ளி திருமணம், சில வருஷம் பவளக்கொடி. ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரமான கம்பெனி என்று ஒன்று இல்லை. கொடை நடத்துகிறவர்கள் மதுரைக்குப் போய் ஏஜெண்டைப் பிடிப்பார்கள். ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், ஆர்மோனியம் இன்னார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். முருகனும் வள்ளியும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்ப்பதே எங்கள் ஊர்த் தட்டிப் பந்தலுக்குள்தான் என்று அமைவதும் உண்டு. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் பத்து மணிக்குத் தொடங்கிய கதை விடியும்வரை தட்டாமல் ஓடும்.

சுவாமிகளும் எங்களுக்கு அசலூர்க்காரர் அல்ல. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார். தமிழ் நாடகத்துக்குத் தலைமையாசிரியர் என்று பின்னால் பெயர் பெற்றார். அவர் எழுதிய வரிகளைப் பாடுகிறவர்கள் அவருடைய சொந்தச் சீமைக்கு வந்தபோது நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகவே ஆசை.

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில்தான் அவர்கள் வருவார்கள். மீட்டர்கேஜ் காலம். டிரங்குப் பெட்டிகளை இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, கொடை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே ஒரு ஊர்வலம். பையன்கள் பின்னாலேயே ஓடுவோம். அன்று மத்தியானம் அவர்கள் எங்கே படுப்பார்கள்? பந்தலுக்குப் பின்னால், பனையோலைத் தட்டி மறைப்புக்குள், வேகிற வெயிலில். ஆதிநாதர் கோயிலைச் சுற்றி நான்கு தெருவிலும் பெரிய பெரிய திண்ணைகள் உண்டு. அந்தக் கோயிலின் புளியமரமான திருப்புளியாழ்வாரைச் சேவிக்க வந்த வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் அவற்றில் துண்டை விரித்துப் படுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ராஜபார்ட்டுக்கு மட்டும் திண்ணை கிடையாது.

பெரிய சண்டை வந்தது விடிகாலையில்தான்.

நாடகம் முடிந்ததும் அரிதாரத்தைக் கலைக்க வேண்டும். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் பூசுவார்கள். கன்னத்துக்குச் செந்தூரம், புருவத்துக்கு மை. ராத்திரி முழுக்க வேர்வையில் ஊறி அது தோலோடு ஒட்டியிருக்கும். மறுபடி தேங்காயெண்ணெயைத் தேய்த்தால்தான் இளகும். அப்பாவின் பலசரக்குக் கடை கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தது. இருட்டுப் பிரியுமுன்னே கதவைத் தட்டி, ‘அண்ணாச்சி, ஒரு கரண்டி எண்ணெய்’ என்பார்கள். அப்பா அளந்து ஊற்றுவார். காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை. எண்ணெயைக் கையில் ஏந்தி அங்கேயே நின்று தேய்த்துக்கொள்வார்கள். வெள்ளையும் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகக் குழம்பி முகம் சாம்பல் நிறமாகும். அப்படியே தாமிரவருணிக்கு இறங்கிப் படித்துறையில் கழுவுவார்கள். கல்லில் வெள்ளைக் கறை படியும். காலையில் குளிக்க வரும் தெருப் பெரியவர்களுக்கு அந்தக் கறை முதல் பார்வையிலேயே கண்ணில் படும்.

ஒரு வருஷம் மகஜர் எழுதினார்கள். இரண்டு கோரிக்கைகள்: நாடகக்காரர் படித்துறைக்கு வரக்கூடாது, மேடை கோபுரத்தைப் பார்த்து இருக்கக்கூடாது. கையெழுத்துக்காக அப்பாவிடமும் வந்தார்கள்.

‘ஆழ்வாருக்குத் தீர்த்தம் எடுக்கிற ஆத்துல அரிதாரத்தைக் கழுவுதான். கேக்க நாதியில்லையா அண்ணாச்சி?’ என்றார் வந்தவர்.

‘அந்த அரிதாரத்தோட அவன் முருகனா நின்னப்போ நீருதான வே கைகூப்புனீரு?’ என்றார் அப்பா.

கையெழுத்துப் போடவில்லை. அப்பா போடாததால் மகஜர் நிற்கவும் இல்லை. அடுத்த கொடைக்கு மேடையைத் திருப்பிப் போட்டார்கள். கோபுரத்துக்கு முதுகு காட்ட வேண்டும் என்றால் தெருவைப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. விளைவு, அதுவரை பந்தலுக்கு வரத் தயங்கிய தெருப் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தார்கள். வள்ளி ஆலோலம் பாடும்போது திண்ணைகளில் பேச்சு மூச்சு இருக்காது. மேடைக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்த அந்தத் திண்ணைகளில், நாடகம் முடிந்தபின் அந்த வள்ளிக்கு இடமில்லை.

அவளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பெண். தாயாரோடு வந்திருந்தாள். காலை ரயிலுக்கு நேரம் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று, ‘யம்மா, ரயில் வர்ற வரைக்கும் செத்த உக்காந்துக்கட்டுமா?’ என்று கேட்டாள். அம்மா தலையாட்டினாள், தண்ணீரும் கொடுத்தாள். எதிர்வீட்டு மதினி இந்தப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: ‘பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்கிற வீட்டுல இதெல்லாம் என்ன பழக்கம்?’ அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தாயும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். முந்தின ராத்திரி அவள் கொண்டை போட்டிருந்த மாதிரியை எதிர்வீட்டு மதினியின் மகள்கள் அந்த வாரம் முழுக்கப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் ஆடுகிறவரை மதிக்கத் தெரியாத ஊர் அல்ல எங்களுடையது. ஆதிநாதர் கோயிலில் மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை நடக்கும். உயரமான குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு அரையர் வந்து நின்றால் கோயிலே அடங்கிவிடும். பாசுரத்தைப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், உரை சொல்வார். தாயாகவும் மகளாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் அவர் ஒருவரே மாறுவார். நாதமுனிகள் ஏற்படுத்தியதாகச் சொல்லும் இந்த மரபு ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வெகுசில தலங்களில்தான் இன்று மிச்சமிருக்கிறது. அதில் எங்கள் ஊரும் ஒன்று. அரையருக்குப் பரிவட்டமும் மாலையும் உண்டு. சன்னிதிக்குள் ஆடியவருக்குத் தீர்த்தமும் சடாரியும் கொடுத்த ஊர், தட்டிப் பந்தலுக்குள் ஆடியவருக்கு ஒரு படிக்கல்லைக் கொடுக்கவில்லை. அரையரின் மரியாதையைக் குறைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதில் கொஞ்சம் மதிலைத் தாண்டி வெளியே வந்திருக்கலாம் என்ற ஏக்கம் மட்டும் இந்த வயதிலும் போகவில்லை.

அரிதாரத்தோடு ஆற்றுக்குப் போவதைப் பற்றி ஒரு பழைய கதை நாடகக்காரர்களிடம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு ராத்திரி நளதமயந்தியில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடிகாலையில் வேஷத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போனாராம். துணி துவைக்க வந்த ஒரு பெண் அந்தக் கரிய உருவத்தைக் கண்டு பயந்து அங்கேயே உயிரை விட்டாளாம். இன்னொரு ஊரில் அவருடைய எமன் வேஷத்தைப் பார்த்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். அதன்பின் அவர் நடிப்பதை விட்டுவிட்டு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் மட்டுமே செய்தார் என்பார்கள். எது எவ்வளவு உண்மையோ, தொழில்காரர்கள் இதைச் சொல்லும்போது கவனித்திருக்கிறேன். சுவாமிகளின் நடிப்புப் பெருமையாக அவர்கள் சொல்வதில்லை. ஊராருக்கு ஒரு தீங்கு வந்தால் விலகிக்கொள்ள வேண்டியவன் நடிகன் என்பதாகவே சொல்வார்கள். அந்த அளவுக்கு அடங்கிப் பழகியவர்களைத்தான் ஊர்கள் மகஜர் எழுதி விரட்டின.

1918இல் மதுரையில் சுவாமிகளிடம் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள் டி. கே. எஸ். சகோதரர்கள். ஊர் ஊராகப் பாய்ஸ் கம்பெனி அலைந்த அலைச்சலை டி. கே. சண்முகம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கம்பெனி வீடு கிடைப்பது, சாப்பாடு நடப்பது, ஊர்ப் பெரியவர்களின் தயவு, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த வாழ்க்கை அது. சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் இந்த ஒதுக்கலை வேறுவகையில் அனுபவித்தார். வெள்ளைக்காரனுக்கு எதிராக மேடையில் பாடியதற்காக மறுபடி மறுபடி சிறைக்குப் போன மனிதர். அவருடைய சாதியைச் சொல்லி அவரோடு ஜோடி சேர மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நடக்கும்போது, முருகனாக மயில்மேல் உட்கார்ந்த நிலையில் மேடையிலேயே அவர் உயிர் போனது.

ஊரின் மகஜருக்கு முன்பே சர்க்காரின் சட்டம் வந்துவிட்டது. 1876இல் வெள்ளைக்காரன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்தபின் 1954இல் சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டது, எம். ஆர். ராதாவின் நாடகங்களை அடக்கத்தான் அது வந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. ஆக, என் ஆயுளில் பெரும்பகுதி, தமிழ்நாட்டில் எந்த நாடகமும் போலீஸ் நிழலில்தான் நடந்திருக்கிறது.

இப்போது திருநகரிக்கு வாருங்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் நெல்லையிலிருந்து எங்கள் ஊரையும் சேர்த்த நவதிருப்பதிக் கோயில்கள் ஒன்பதுக்கும் தனி பஸ் விடுகிறார்கள். மற்ற நாட்களில் வேன்கள். நவதிருப்பதிகளை நவக்கிரகத் தலங்களாகவும் சொல்கிற வழக்கம் பரவியபின் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. எங்கள் ஊர் குருவுக்கு, தென்திருப்பேரை சுக்கிரனுக்கு, பெருங்குளம் சனிக்கு. சனீஸ்வரன் வேஷத்தைக் கண்டால் உயிர் போகும் என்று கதை கட்டிய சீமையில் சனிக்கிழமைதோறும் சனியைத் தேடி வேன் போகிறது. வைகாசியில் ஒன்பது கருடசேவை அன்று ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. 2018 அக்டோபரில் தாமிரவருணி மகா புஷ்கரம் நடந்தபோது படித்துறைகளில் எத்தனை மாநிலத்துப் பாஷை கேட்டோம்! ஆதிச்சநல்லூரும் பக்கத்தில்தான், 2020 மத்திய பட்ஜெட்டில் அதன் பெயர் வந்தபின் அங்கே போகிறவர்களும் இந்த வழியாக வருகிறார்கள்.

வரட்டும். ஆழ்வாரைச் சேவிக்க உலகமே வரட்டும். ஆனால் ஒரே நாளில் ஒன்பது கோயில் பார்க்க வேண்டும் என்றால் ஒரு ஊருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? புளியமரத்தைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், நடை எப்போது சாத்துவார்கள் என்று கேட்கிறார்கள், வண்டி ஏறிவிடுகிறார்கள். ராத்திரியானால் தெருவில் ஆள் கிடையாது. அன்றைக்கு மகஜர் எழுதியவர்கள் ‘ராத்திரி நேரத்தில் கண்ட கண்ட ஆட்கள் ஊருக்குள் வருவார்கள்’ என்று ஒரு காரணம் எழுதியிருந்தார்கள். இன்று கண்டறியாத ஆட்களுக்காகவே திண்ணைகளை இடித்துக் கடை கட்டியிருக்கிறோம், மாடியில் அறை போட்டு ‘ரூம் கிடைக்கும்’ என்று போர்டு மாட்டியிருக்கிறோம். நாடகம் மட்டும் இல்லை. 2000ஆம் வருஷத்து ஒலிமாசு விதிப்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம். பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிகிற ஒரு கலைக்கு அந்த இரண்டு மணிநேரத்தில் என்ன மிஞ்சும்? நோயாளியும் குழந்தையும் தூங்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விதி வந்தபோது நாடகத்துக்கு வேறு நேரம், வேறு இடம் என்று யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். கொடைக்கமிட்டிகள் அனுமதிக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கும், அங்கே கிடைக்காவிட்டால் மதுரைக்கு ஐகோர்ட் கிளைக்கும் அலைகின்றன. அலைய முடியாதவர்கள் நாடகத்தையே விட்டுவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன நாடகக்குழு வந்தது. எல்லாரும் கல்லூரி முடித்த வயசு. 2023 டிசம்பர் வெள்ளத்தை வைத்து ஒரு நாடகம் தயார் செய்திருந்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதே, அந்த ரயில்தான் கதை. சுமார் எண்ணூறு பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அந்த முகம் தெரியாத மனிதர்களுக்குக் கொடுத்தார்களே, அதைத்தான் ஆட நினைத்தார்கள். கருடசேவைக்கு மறுநாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் ஆட வேண்டும், வெளியூர்க்காரர்களும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசினோம். முதல் கேள்வி, ‘நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக?’ இரண்டாவது, ‘பொம்பளப் பிள்ளைக நடிக்குதா?’ மூன்றாவதுதான் புதுசு. அறை வாடகைக்கு விடுகிற ஒருவர் எழுந்து சொன்னார்: ‘தம்பி, நீங்க நல்ல எண்ணத்துலதான் வந்திருக்கீக. ஆனா வெள்ளம்னு சொன்னா வேன் வராது. இப்பதான் ஜனங்க மறந்திருக்காங்க. ஆத்தங்கரையில நின்னு நீங்க வெள்ளத்தைக் காட்டினா, பாக்கிறவன் போன்ல எடுத்துப் போடுவான். அடுத்த சீசன் போச்சு.’

பலர் தலையாட்டினார்கள். அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த வெள்ளத்தில் எங்கள் ஊருக்குள்ளும் தண்ணீர் புகுந்தது, அதன்பின் மாதக்கணக்கில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. கடன் வாங்கி மாடி கட்டியவருக்கு வேன்தான் சோறு. ஆனாலும் கூட்டத்தில் குழுவின் பெண்பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: ‘ஐயா, புதுக்குடிக்காரங்க செஞ்சதை நாங்க பெருமையாத்தானே சொல்றோம். அதைக் கேட்டா வர்றவங்களுக்கு இந்த ஊர்ப்பக்கம் மேல நம்பிக்கைதானே வரும்?’

ஆற்றங்கரை கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் கதையை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தும் காலம் கடந்தது. கடைசியில் வேறொரு கிராமத்துப் பொட்டலில், சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்தார்கள். திருநகரியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ரயில் பெட்டிக்கு ஒரு கயிறு, வெள்ளத்துக்கு நீலச் சேலை, பொங்குகிற பானைக்கு நிஜமான பானை. சோற்றைக் கையில் வாங்கிய பயணியாக நடித்த பையன் அதைத் தின்னாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்த ராத்திரி மொட்டை மாடியில் கிடந்தவர். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று ராத்திரி அந்தப் பெண்பிள்ளைகளுக்கு அறை தேடினார்கள். போர்டு மாட்டிய வீடுகளில் ஆதார் கார்டு வாங்கிப் பார்த்தார்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். நாடகம் என்றதும் அறை காலியில்லை என்றார்கள். எங்கள் வீட்டில் படுத்துவிட்டு விடிந்ததும் போனார்கள். எதிர்வீட்டில் இப்போது அந்த மதினியின் பேத்தி இருக்கிறாள். காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

நாடகத்தை ஊரே தூக்கிப் பிடிக்கிற இடங்களும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேள நாடகம் நடக்கிறது. வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் லீவு போட்டு ஊருக்கு வந்து வேஷம் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்று ஒரு மலைக்கிராமம். 1634 முதல் ஏசுவின் பாடுகளை நாடகமாக ஆடிவருகிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை. அந்த ஊரில் பிறந்தவர்கள், இல்லாவிட்டால் இருபது வருஷம் அங்கேயே வாழ்ந்தவர்கள்தான் மேடை ஏறலாம். கொரோனாவால் 2020இல் நடக்காததை 2022இல் நடத்தினார்கள். அதைப் பார்க்க உலகமெங்கிருந்தும் வருகிறார்கள், ராத்தங்குகிறார்கள். அந்த ஊருக்கு நாடகம்தான் வேனைக் கொண்டுவருகிறது. எங்கள் ஊரில் ஏற்கெனவே வேன் வருகிறது. சாயங்காலத்தில் பார்க்க ஒன்று இருந்தால் அதில் வந்தவர்கள் ஒரு ராத்திரி தங்கமாட்டார்களா? மாடி கட்டியவர்களிடம் வீடு வீடாகப் போய் இதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேரூராட்சிக்குக் கொடுக்க ஒரு மகஜர் எழுதியிருக்கிறோம். மூன்று கோரிக்கைகள்: ஆற்றங்கரைப் பக்கம் ஒரு திடலைக் கலை நிகழ்ச்சிக்கென்று ஒதுக்க வேண்டும், சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை அங்கே நாடகம், வில்லு, கணியான் கூத்து எதற்கும் தடை இருக்கக்கூடாது, ஆடுகிறவர்கள் உடை மாற்றவும் முகம் கழுவவும் குழாய்த் தண்ணீரோடு இரண்டு அறை கட்டித்தர வேண்டும், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. வேன் வராது என்று கூட்டத்தில் பேசியவரிடமும் தாளை நீட்டினேன். நேர வரையறையைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆடி பிறந்தால் கொடைகள் தொடங்கிவிடும். அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.